இருபது லட்சம் இறால் குஞ்சும் ஒரு எஸ்ஸும்

ஊரில் எனக்கு எஸ் டீச்சர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சந்திக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினால் முதுகுக்குப் பின்னால் கேட்கும். கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். பெயர் வைத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி பிழையில்லாமல் எழுத வராது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

விசயம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் நூறு, ஆயிரம், மில்லியன் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். முன்னால் எண் நின்றால் அந்தச் சொல் ஒருமையில் நிற்கும். டூ ஹண்ட்ரட், ஃபைவ் தௌசண்ட், டூ மில்லியன். எண் சொல்லாமல் சும்மா ஏராளம் என்பதற்குத்தான் எஸ் வரும், தௌசண்ட்ஸ், மில்லியன்ஸ் என்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும். படித்துப் பட்டம் எடுத்த பெரியவர்களுக்கு ஆயுசு முழுக்க விளங்காது. கல்யாண மண்டபத்து விளம்பரத்தில் 'ஃபைவ் ஹண்ட்ரட்ஸ் சீட்ஸ்'. டியூசன் மாஸ்டர் ஒருவர் மதிலெல்லாம் ஒட்டியிருந்த நோட்டீசில் 'டென் தௌசண்ட்ஸ் ஸ்டூடண்ட்ஸ்'. அந்தாள் தன் வாழ்நாளில் பத்தாயிரம் பிள்ளைகளைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார், அது வேறு கதை.

தமிழில் எவருக்காவது இந்தப் பிழை வருகிறதா? துறையடியில் வலை உதறுகிற ஆளிடம் கேட்டுப் பாருங்கள், இருபது லெச்சம் என்பார். இருபது லெச்சங்கள் என்று அவர் வாயில் வராது. பள்ளிக்கூடமே போகாதவர் சரியாகச் சொல்லுகிறார். ஆங்கிலம் என்றவுடன்தான் இவர்களுக்குப் பெரிய தொகைக்குப் பின்னால் ஒரு வால் தேவைப்படுகிறது. நான் கைப்பையில் சிவப்புப் பேனை வைத்திருப்பேன். பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த நோட்டீசில்கூட எஸ்ஸை வெட்டியிருக்கிறேன். அதைப் பெருமையாகவும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

என் மச்சாளுக்கு இதெல்லாம் ஒரு பகிடி. மச்சாள் என்றால் என் மாமாவின் மகள். என்னைவிட ஒரு வயது மூப்பு. எங்கள் வளவுக்கு அடுத்த வளவு, நடுவே வேலியில் ஒரு பொட்டு. அதற்குள்ளால் அவள் வருவாள், அடுப்பில் இருக்கிற கறியை மூடி திறந்து பார்ப்பாள், உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்குத் தொழில் ஆற்றில் இறால் பிடிப்பது. புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான். தோணி இல்லை, வலை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குந்தியிருந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போடுகிற பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். விரலெல்லாம் இறால் முள் குத்தின தழும்பு.

புருசன் கொழும்புப் பக்கம் வேலைக்கென்று போனவன், போனவன்தான். ஒரே மகள், என்னிடம் படிக்கிறாள், அடுத்த வருசம் ஓ.எல். சோதினை. வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் ஒருவன் மாதம் தப்பாமல் மச்சாளின் படலையில் வந்து நிற்பான். அரபு நாட்டில் வீட்டு வேலை, போனால் இரண்டு வருசம். அவனை அவள் உட்காரவும் சொல்வதில்லை. ஆறு கிடக்கிற வரைக்கும் கண்டவன் குசினியில் போய் நிற்க மாட்டேன், மகளின் சோதினை முடியாமல் இந்த ஊரை விட்டு அசைய மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஆனால் ஆற்றில் இறால் குறைந்துகொண்டே வந்தது. ஏஜென்ட்டுக்கு அது தெரியும். அவன் சிரித்துக்கொண்டுதான் போவான்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவியில் எங்கள் பக்கத்து ஆற்றில் இருபது லட்சம் இறால் குஞ்சு விடப் போகிறார்களாம். விட்டால் மூன்று மாதத்துக்கு எவரும் அந்தப் பகுதியில் இறால் பிடிக்கக் கூடாது. மீன், இறால் பிடிக்கிறவர்களின் சங்கத்து அங்கத்தவர்கள் கை உயர்த்திச் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தவள்தான் நானும்.

சங்கக் கட்டிடத்தில் கூட்டம். திட்ட அலுவலர் டவுனிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் அட்டை, கையில் இரண்டு போன். மூச்சுக்கு ஒரு தரம் 'டூ மில்லியன்ஸ்' என்றார். மூன்றாவது தரம் நான் பொறுக்கவில்லை. சபைக்கு நடுவில் எழும்பித் திருத்தினேன். மனிதருக்கு முகம் கறுத்துப் போனது. எனக்கு அன்றைக்கு ராச்சோறு நல்லாய் இறங்கியது.

பிறகு ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்தினேன். தோணிக்காரர்கள் பெரிதாக யோசிக்கவில்லை. தடை இறாலுக்குத்தான், மீனுக்கு இல்லை. வலை வைத்திருக்கிறவனுக்கு என்ன வந்தது? தடவிப் பிடிக்கிற பெண்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று மாதம் என்னத்தைத் தின்கிறது என்று மச்சாள் கேட்டாள். குஞ்சு வளர்ந்து வந்தால் அதற்குப் பிறகு இரட்டிப்பாகப் பிடிக்கலாம், மகளின் சோதினை வரைக்கும் கவலையில்லை என்று நான் சொன்னேன். அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீ சொல்லுறியா கா?"

"ஓம், நான்தான் சொல்லுறன்."

கையை உயர்த்தினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் உயர்த்தினார்கள்.

விழாவுக்கான பதாகையின் ஆங்கில வரியையும் நானே எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக் கடதாசியில், பெரிய எழுத்தில், சங்கத் தலைவர் கையில். பிழை விட முடியாதபடி எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் ஊர்த் தலைவர்களின் திறமையை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

விழா அன்று விடியும்போதே லொறி வந்துவிட்டது. ஓட்டிவந்தவர் ஏறாவூர்க்காரர், நரை விழுந்த ஆள், குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு வருசக்கணக்காக ஓடுகிறவர். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகள் இருநூறு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் குஞ்சு. அவர் லொறியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகப் பைகளைத் தண்ணீருக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். பையைக் கட்டவிழ்க்காமல் முதலில் ஆற்றில் மிதக்க விட வேண்டுமாம். உள்ளே இருக்கிற தண்ணீரின் சூடும் ஆற்றின் சூடும் ஒன்றான பிறகுதான் வாயை அவிழ்ப்பது. எல்லாம் வெயில் ஏற முதல் முடிந்துவிட வேண்டும், இதுகள் பச்சைப் பிள்ளை மாதிரி என்று சொன்னார்.

தலைவர் ஓடிவந்து மறித்தார். பிரதம அதிதி ஒன்பது மணிக்குத்தான் வருவார், அவர் கை படாமல் ஒரு பையும் தண்ணீரைத் தொடக் கூடாது என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பிரதம அதிதி வராமல் ஒன்றும் தொடங்காது. புதுக் கிணறு வெட்டித் தண்ணீர் நிறைந்து கிடக்கும், சனம் குடத்தோடு நிற்கும், நாடா வெட்டும்வரை ஒருத்தரும் குடிக்க முடியாது. பாலம் கட்டி முடிந்திருக்கும், திறப்பு விழா வரைக்கும் தோணியில்தான் போக வேண்டும். இதில் உயிருள்ளது, உயிரில்லாதது என்ற பேதமெல்லாம் கிடையாது. இருநூறு பைகளையும் மேடைக்கு முன்னால் மணலில் வரிசையாக அடுக்கினார்கள். படத்தில் எல்லாம் விழ வேண்டுமாம், பின்னால் பதாகை, முன்னால் பைகள். நாற்காலிகளுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். குஞ்சுகளுக்கு வெயில்.

ஏழரை இருக்கும். மச்சாள் வந்தாள். ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். லொறிக்காரரோடு ஏதோ கதைத்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"நீ ஒருக்காச் சொல்லு கா. உன்ட சொல்லைக் கேப்பாங்கள். பையைத் தண்ணிக்குள்ளயாவது போட்டு வைக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துத்தான் பதாகையைக் கட்டினார்கள். விரித்த மாத்திரத்தில் கண்டுவிட்டேன். முழ எழுத்தில், டூ மில்லியன்ஸ்.

பொறு கா என்றேன் மச்சாளிடம். அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மேடைக்கு ஓடினேன்.

எழுதிக் கொடுத்ததை எவன் மாற்றியது என்று கேட்டேன். தலைவர் வெட்கமில்லாமல் தான்தான் என்றார். அச்சுக் கடையில் பார்த்தபோது டீச்சர் எஸ்ஸை மறந்துபோனது தெரிந்ததாம், ரெண்டு என்றாலே பன்மைதானே, அதனால் தன் செலவில் போடுவித்தாராம். என்னை இவர் திருத்தியிருக்கிறார். ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட இரண்டு விதமாக எழுதுகிற மனிதர். திட்ட அலுவலர் பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. உதவி தருகிற இடத்திலிருந்து வெள்ளைக்காரர் வருகிறார், இதை வாசித்தால் ஊரையே பார்த்துச் சிரிப்பார், அடுத்த திட்டத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார் என்று ஒரு போடு போட்டேன். அடுத்த திட்டம் என்றதும் இரண்டு பேருக்கும் பயம் பிடித்துவிட்டது.

பதாகை இறங்கியது. வெள்ளைக் கடதாசியும் பசையும் வாங்க மோட்டார் சைக்கிளில் ஆள் போனது. எஸ்ஸின் மேல் ஒட்டினார்கள், காற்றுக்குக் கிளம்பியது. திரும்ப ஒட்டினார்கள், கோணலாக நின்றது. நான் கீழே நின்று மேலே, கீழே, வலப்பக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தரம் மச்சாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் திரும்பவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிரதம அதிதி பத்தரைக்கு வந்தார். மங்கல விளக்கு ஏற்றினார்கள், ஆற்றங்கரைக் காற்றில் அது நான்கு தரம் அணைந்தது, ஐந்தாம் தரமும் ஏற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள், மொழித் துணைக்காம். போர்த்துக்கொண்டு கை கூப்பினேன். வெள்ளைக்காரர் முன் வரிசையில் இருந்தார். வந்ததிலிருந்து போகும்வரை அந்தப் பதாகையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வியர்வையைத் துடைப்பதும் போத்தல் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தார்.

பன்னிரண்டுக்குக் கிட்ட, பிரதம அதிதி ஒரு பையை அவிழ்த்து ஆற்றில் ஊற்றினார். கை தட்டினோம். படம் எடுத்தார்கள். வாகனங்கள் போய்விட்டன. மீதிப் பைகளை லொறிக்காரரும் மச்சாளும் நாலைந்து பெண்களுமாகத் தண்ணீருக்குள் இறங்கி அவிழ்த்தார்கள். உயிரோடு இருக்கிற குஞ்சு கண்ணாடி மாதிரி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். செத்தது சோறு மாதிரி வெள்ளை. பைக்குப் பை வெள்ளையாகத்தான் வந்தது. பையின் வெளிப்பக்கமே கை வைக்க முடியாத சூடு. மச்சாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தாள். பத்துப் பைக்கு ஒரு பை தப்பியிருக்கலாம் என்று லொறிக்காரர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பொன்னாடையைப் பார்த்தார்.

தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் விருந்துச் சாப்பாட்டில் இருந்தார். ஆற்றுக்குள் போனால் குளிர்ச்சிக்கு எழும்பிவிடும் என்றார். இறால் பிடிக்கிற சங்கத்துக்குத் தலைவர்.

ஒரு கிழமை கழித்துத் திட்ட அலுவலர் என் வீட்டுக்கு வந்தார், கையில் அறிக்கைப் படிவம். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்புகிறதாம், டீச்சர்தான் எழுதித் தர வேண்டுமாம். குஞ்சுகள் செத்ததே என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. அப்படி எழுதினால் அடுத்த வருசத்துக்கு ஒன்றும் வராது, எல்லாருக்கும்தான் நட்டம் என்றார். பிறகு சொன்னார், போன முறை சங்கத்துக்காக நான் எழுதிய கடிதத்தைத் தலைமை அலுவலகத்தில் எல்லோரும் கையில் வாங்கி வாசித்தார்களாம், மட்டக்களப்பில் இப்படி ஆங்கிலம் எழுதுகிற ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார்களாம். பொய்யாகத்தான் இருக்கும். அந்த மனிதரின் முகத்தில் பொய் என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன்.

வாவியில் டூ மில்லியன் இறால் குஞ்சுகள் விடப்பட்டன என்று எழுதினேன். எஸ் இல்லை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் இடத்துக்கு இடம். ஊருக்காக எழுதினேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. என்னைப் புகழ்ந்தார்கள், எழுதினேன். எஸ் போட்ட மடையன்களைப் பார்த்து வருசக்கணக்காக நக்கல் அடித்தவளின் விலை ஒரு கோப்பைத் தேத்தண்ணி நேரத்துப் புகழ்ச்சி.

மாதம் ஒன்றரை போனது. ஆற்றில் இறால் இல்லை, இருந்தாலும் பிடிக்கக் கூடாது. தோணிக்காரர்கள் மீன் பிடித்தார்கள். தடவிப் பிடிக்கிற பெண்கள் ஆற்றுக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் வயல் வட்டைகளில் புல்லுப் பிடுங்கப் போனார்கள். அந்த வேலையும் எல்லா நாளும் கிடைக்காது. மச்சாளின் வீட்டில் பகலில் அடுப்புப் புகை வராத நாட்கள் இருந்தன. மகள் என் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சோறு கொடுத்துவிட்டேன், சட்டி கழுவி வேலிப் பொட்டடியில் திரும்பி வந்தது. சோறு உள்ளே போனதா, நாய்க்குப் போனதா, தெரியாது.

சங்கக் கூட்டத்தில் மச்சாள் எழும்பினாள். குஞ்சு செத்துப்போனது, இல்லாத குஞ்சுக்கு ஏன் தடை, தடையை எடுங்கள் என்றாள். நியாயமான கேள்வி. தலைவர் கோப்பிலிருந்து அறிக்கையின் பிரதியை எடுத்து உயர்த்திப் பிடித்தார். இது டீச்சரின் கையெழுத்து, டீச்சரே வாசிக்கட்டும் என்றார். வாசித்தேன். தமிழிலும் சொன்னேன். மச்சாள் என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் கரையில நிண்டனிதானே. சொல்லு கா, அதுகள் செத்ததா இல்லையா?"

கொஞ்சம் செத்திருக்கலாம் என்றேன்.

கொஞ்சம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூடினதற்கு ஊரைக் கூட்டினவளின் வாயில், பதினெட்டு லட்சத்துக்கு அந்தச் சொல்தான் வந்தது. தடை நின்றது. மச்சாள் இருந்து கூட்டம் முடியும்வரை கேட்டாள். முடிந்ததும் மற்றப் பெண்களோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேலிப் பொட்டுக்குள்ளால் வரவில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம் முன் படலை தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் படலையை அவள் தட்டியதே இல்லை. வெளியே வந்து பார்த்தால் நல்ல சேலை உடுத்து, தலை இழுத்துக் கட்டி, கையில் ஒரு கடதாசி உறையோடு நிற்கிறாள். உள்ளே வா என்றேன். செருப்பைக் கழற்றி, விறாந்தையில் நாற்காலியின் நுனியில் இருந்தாள். உறையிலிருந்து பாஸ்போட் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இங்கிலீசில நிரப்போணுமாம் டீச்சர். நீங்க எண்டாப் பிழை இல்லாம எழுதுவீங்க."

நீங்க என்றாள். வாய் பேச வந்த நாளிலிருந்து என்னை நீ, அடி, கா என்றவள்.

சோதினைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, மகளை எங்கே விடுகிறாய் என்று கேட்டேன். பள்ளிக்கூட விடுதியில் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் என்றாள். என்னிடம் விடேன் என்றேன். அவள் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனையை எடுத்தேன். பெயர், பிறந்த திகதி, முகவரி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். தொழில் என்ற இடம் வந்தது. மீன்பிடி என்று எழுதவா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். ஒண்டுமில்ல எண்டு எழுதுங்க."